ஓரம் வெடிக்காத ரொட்டி

இந்தக் கன்னட ஊரில் விஜயநகர்ப் பகுதியில் மூன்று வீடுகளுக்குச் சமைக்கிறேன். மூன்றும் பென்ஷன் வாங்குகிறவர்கள் வீடு, மூன்றிலும் சர்க்கரை வியாதி, ஆகவே மூன்றிலும் சப்பாத்தி. ஒரு நாளைக்கு நாற்பதுக்குக் குறையாமல் தேய்க்கிறேன். ஒரு வீட்டில் மெலிசாக வேண்டும், ஒரு வீட்டில் எண்ணெய் படக்கூடாது, இன்னொரு வீட்டில் அந்த அம்மா பக்கத்திலேயே நின்று ஒவ்வொன்றையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். எல்லாம் முடிந்து நான் வெளியே வரும்போது கோதுமை மாவு என் நகக்கண்ணில் இருக்கும், முன்முடியில் இருக்கும், புடவைக் கொசுவத்தில் இருக்கும். அந்த மாவுதான் என் மகளுக்கு விஷம்.

விஷம் என்று சொன்னால் என் வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. "ஆகாதுன்னு சொல்லு, போதும்" என்பார். அவருக்கென்ன, நஞ்சன்கூடு ஃபேக்டரியில் ஷிஃப்ட். நான் வீட்டுக்குள் வரும்போது அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்புவார். நல்ல மனுஷர்தான், வீட்டில் இருந்தால்.

மகள் பெயர் அஷ்வினி. பத்தொன்பது வயது, பி.காம். இரண்டாம் வருஷம். சின்ன வயதிலிருந்தே வயிற்றுப்போக்கு, ரத்தம் இல்லை, சோறு ஒட்டவில்லை. பூச்சி மருந்து கொடுத்தோம், தாயத்துக் கட்டினோம், ராமாபுரத்தில் என் அம்மா வீட்டுப் பக்கம் ஒருவர் விபூதி போட்டார், இரும்பு டானிக் மட்டும் நூறு பாட்டில் இருக்கும். பதினேழு வயதில்தான் ஒரு டாக்டர் குழாய் விட்டுப் பார்த்து, சீலியாக் என்று பேர் சொன்னார். கோதுமையில் குளூட்டன் என்று ஒரு பசை உண்டாம். சப்பாத்தி மாவு இழுத்தால் நீளுவது அதனால்தானாம். அது உள்ளே போனால் இவள் உடம்பு தன் குடலையே புண்ணாக்கிக்கொள்ளும், அப்புறம் என்ன சாப்பிட்டாலும் சத்து ஒட்டாது என்றார். இதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை. பதினேழு வருஷம் நானே ஊட்டிவிட்ட சப்பாத்திகள்தான் ஞாபகத்துக்கு வந்தன.

உடனே நிறுத்தினோம். சோறு, இட்லி, தோசை, அவ்வளவுதான். கோதுமை உள்ளே போனால் ஏறுகிற ஒரு எண்ணை ரத்தத்தில் பார்ப்பார்கள். இருநூறு இருந்தது, ஆறு மாதத்தில் எழுபதுக்கு இறங்கியது. டாக்டருக்குச் சந்தோஷம். ஆனால் எடை மட்டும் முப்பத்தெட்டிலேயே நின்றது, படி ஏறினால் மூச்சு வாங்கியது. அதனால் அதே ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுக்கு யோசனை சொல்கிற பெண்ணிடம் அனுப்பினார். பெயர் கேரல். என் மகளைவிட நாலைந்து வயதுதான் கூட இருக்கும். தமிழில் ஆரம்பித்து, கன்னடத்தில் போய், இங்கிலீஷில் முடிப்பாள்.

"வெறும் அரிசிச் சோறு பத்தாதும்மா. பக்வீட் கொடுங்க" என்றாள்.

"வீட் ஆகாதுன்னுதானுங்களே வந்திருக்கறோம்?" என்றேன் நான். மூன்று வீட்டில் வேலை செய்கிறவளுக்கு அந்த அளவு இங்கிலீஷ் தெரியும்.

அவள் சிரித்தாள். பேரில்தான் அப்படி, அது கோதுமைக்கு ஒட்டும் இல்லை உறவும் இல்லை, சுக்காங்கீரைக்குத்தான் சொந்தம், அந்த மாதிரிச் செடியின் விதை என்றாள். வடக்கே குட்டு என்பார்களாம், நவராத்திரி விரதத்துக்குச் சாப்பிடுவார்களாம். ஒரு தாளை எடுத்துக் கணக்குப் பரீட்சை போல எழுதினாள். நூறு கிராமில் புரதம் பதின்மூன்று. அரிசியில் குறைச்சலாக இருக்கிற லைசின் என்கிற சத்து இதில் உண்டு. நார் பத்து. மெக்னீசியம் இருநூறுக்கு மேல். கொஞ்சம் இரும்பு, கொஞ்சம் துத்தநாகம். சர்க்கரையும் சட்டென்று ஏறாது. "முழு தானியமா வாங்குங்க. கடையில விக்கிற மாவுல கோதுமை கலந்திருக்க சான்ஸ் இருக்கு. தானியமா வாங்கி அரைச்சுக்கோங்க. ஒண்ணு மட்டும், குளூட்டன் இல்லாததால ரொட்டி தட்டும்போது ஓரம் வெடிக்கும், பிய்ஞ்சு பிய்ஞ்சு வரும். பேஜார் பண்ணிக்காதீங்க."

சந்தேபேட்டையில் ஒரு சேட்டு கடையில் குட்டு கிடைத்தது. முக்கோணமாக, பழுப்பாக, வேடிக்கையான விதை. விலையைக் கேட்டால் பாதாமே வாங்கிவிடலாம் போலிருந்தது. வாங்கினேன். வீட்டில் பொறுக்கி, கழுவி, மாடியில் வெள்ளைத் துணி விரித்துக் காயவைத்து, டப்பாவில் போட்டு மல்லப்பன் மில்லுக்கு எடுத்துப் போனேன்.

மல்லப்பன் எங்கள் தெருமுனையில் மாவு மில் வைத்திருக்கிறவர். கொள்ளேகால் பக்கத்து மனுஷர், கன்னடமும் தமிழும் கலந்து பேசுவார். காலையில் மூன்றாவது வீட்டுக்குப் போகும் அவசரத்தில் டப்பாவைக் கொடுத்துவிட்டுச் சாயங்காலம் திரும்பும்போது வாங்கிக்கொள்வது என் வழக்கம். அவரிடம் மிஷினைச் சுத்தமாக்கி அரைக்கச் சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்பார். அங்கேதான் நான் தயங்கினேன். மில்லில் எப்போதும் நாலு பெண்கள் டப்பாவோடு நிற்பார்கள். கல்யாணம் ஆக வேண்டிய பெண்ணுக்கு, வாழ்நாள் முழுக்கத் தீராத வியாதி என்று அந்த நாலு பேர் காதில் போட முடியுமா? அடுத்த நாளே தெரு முழுக்கத் தெரிந்துவிடும்.

"என்ற மகளுக்கு வயிறு கொஞ்சம் சரியில்லைங்க. மத்தவங்க மாவு ஒட்டாம, மிஷினை நல்லாச் சுத்தமாக்கிட்டு அரைச்சுக் குடுங்க" என்று மட்டும் சொன்னேன்.

"அதுக்கென்னக்கா, நான் பார்த்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் குளிப்பேன். வேலைக்குப் போன புடவையைத் தனியாக ஊறப்போடுவேன். நகத்தைப் பிரஷ்ஷால் தேய்ப்பேன். அவளுக்கென்று தனிக் கல், தனிப் பலகை, தனிக் கரண்டி. கால் கெஞ்சும், இடுப்பு கழன்றுவிடும் போல இருக்கும், ஆனாலும் இதில் மட்டும் நான் ஒரு நாள் சோம்பவில்லை. வெந்நீர் விட்டுப் பிசைந்து, ஈரத்துணியில் வைத்துத் தட்டினேன். ரொட்டி ஓரம் வெடிக்கவில்லை. வட்டமாக, வழவழவென்று வந்தது. அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போனபோது கேரலிடம் சொன்னேன், "நீங்க பயமுறுத்துனீங்க, எனக்கு ஒண்ணுகூடப் பியலைங்க" என்று. அவள் ஆச்சரியப்பட்டாள். "சமையல் பண்றவங்க கை வேற" என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இருபது வருஷமாக மாவு பிசைகிறேன். இழுத்தால் நீளுவது எது, நீளாதது எது என்று இந்த விரலுக்குத் தெரியாதா? தெரிந்திருக்க வேண்டும். பெருமையில் புத்தி மழுங்கிப் போயிற்று.

இரண்டாவது வாரமே அஷ்வினி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, இந்த ரொட்டி தின்னாலே நோவுதும்மா. பேடா, வேண்டாம் எனக்கு."

"புதுசு, அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாயிரும். எவ்வளவு சத்துன்னு அந்தப் பொண்ணு எழுதிக் குடுத்திருக்கறா பாரு" என்று தாளைக் காட்டினேன். அதை ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்தேன்.

மூன்று மாதம் கழித்து ரத்தம் பார்த்தபோது எழுபது நூற்றைம்பதாகியிருந்தது. எடை ஒரு கிலோ குறைந்திருந்தது. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எங்கேயோ கோதுமை உள்ள போகுதும்மா. வீட்டுச் சாப்பாட்டுல இல்லையே?"

"ஒரு பொட்டுகூட இல்லைங்க டாக்டர்" என்றேன். அவர் அஷ்வினியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தக் குனிந்த தலை எனக்குப் போதுமானதாக இருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்தது. அவள் பையைக் குடைந்தேன். துப்பட்டாவை மோந்து பார்த்தேன். காலேஜ் எதிரில் ஒரு பேக்கரி இருக்கிறது. அங்கே போய், இந்தப் பெண் இங்கே வருகிறாளா என்று ஃபோனில் போட்டோ காட்டிக் கேட்டேன். கடைக்காரன் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். அவள் ஃபோனிலிருந்து பணம் அனுப்புகிற வசதியை எடுத்துவிட்டேன். சிநேகிதியின் பிறந்தநாளுக்குப் போகக்கூடாது என்றேன். பெங்களூருக்குக் காலேஜிலிருந்து இரண்டு நாள் கூட்டிப்போனார்கள், அதற்கும் அனுப்பவில்லை. அவள் எதற்கும் சண்டை போடவில்லை. "நிஜவாகலூ திங்கலம்மா" என்பாள், நிஜமாகவே தின்னவில்லை என்று, பாதி கன்னடத்தில். அவ்வளவுதான். நான்தான் கத்துவேன்.

"நாள் பூரா நாலு வீட்டு அடுப்புல வெந்துட்டு வந்து உனக்குன்னு தனியாப் பிசையறனே, உனக்கு மனசாட்சி வேண்டாமா கண்ணு?" என்று கேட்டேன். மூன்று வீடு என்றுகூடச் சொல்லவில்லை, கோபத்தில் ஒரு வீட்டைச் சேர்த்துச் சொன்னேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய் என்றேன். எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஒரு சத்தியம் கிடையாது. அவள் கொஞ்சமும் யோசிக்காமல் உள்ளங்கையால் அணைத்தாள். கை சிவந்துவிட்டது. நம்பியிருக்க வேண்டும். எனக்கோ பயம்தான் வந்தது. சாமி முன்னால்கூட வாய் கூசாமல் பொய் சொல்கிறாளே, இவளை எப்படி வளர்த்துவிட்டேன் என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புலம்பினேன். அவள் இரண்டடி பின்னால் வந்தாள்.

அதற்குப் பத்து நாள் கழித்து, நான் சோற்றுப் பானையை இறக்கிக்கொண்டிருக்கும்போது சமையல்கட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஆமாம்மா. தின்னேன். பேக்கரியில பப்ஸ் தின்னேன். வாரத்துல ரெண்டு நாள். இனிமே திங்க மாட்டேன்."

நான் பானையை அப்படியே வைத்துவிட்டு அவளைக் கட்டிக்கொண்டேன். அடிக்கக்கூடத் தோன்றவில்லை. காரணம் தெரிந்துவிட்டது, இனிச் சரியாகிவிடும் என்ற நிம்மதி. "ஒத்துக்கிட்டியே, அது போதும் சாமி" என்றேன். குடல் சீக்கிரம் ஆறட்டும் என்று மறுநாளிலிருந்து இரண்டு ரொட்டியை மூன்றாக்கினேன். அவள் மறுக்காமல் தின்றாள். பக்கத்தில் உட்கார்ந்து கடைசித் துண்டு உள்ளே போகிறவரை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த மூன்று மாதத்தில் எண் நூற்றுத் தொண்ணூறு. எடை முப்பத்தைந்தரை. டாக்டர் இந்த முறை என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மறுபடி குழாய் விட்டுப் பார்க்க வேண்டும், அப்புறம் வேறு வலுவான மாத்திரை ஆரம்பிக்க வேண்டியிருக்கும், அதில் எலும்பு தேயும், முகம் உப்பும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தோம். எனக்குத் திட்டுவதற்குக்கூடத் தெம்பில்லை. "மறுபடி தின்னியா?" என்று கேட்டேன். அவள் ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்தாள். பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அந்தத் தலைக்குக் கனமே இல்லை.

அந்த வாரம் என் மூன்றாவது வீட்டுக்காரர்கள் மகனைப் பார்க்கப் பெங்களூர் போயிருந்தார்கள். அதனால் வியாழக்கிழமை, காலையில் கொடுத்துவிட்டு ஓடாமல், சாயங்காலம் டப்பாவை எடுத்துப்போய் மில்லிலேயே நின்றேன். எனக்கு முன்னால் யாரோ ராகி அரைத்துக்கொண்டு போனார்கள். அடுத்து என் முறை.

"ஏன்க்கா, இன்னைக்கு நின்னுட்டீங்க?" என்றார் மல்லப்பன்.

"சும்மாதானுங்க."

அவர் மிஷினைத் தட்டினார். துணிக்குழாயை உதறினார். துடைப்பத்தால் பெருக்கினார். எவ்வளவு பொறுப்பாகச் செய்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் மூலையில் இருந்த மூட்டைக்குள் கையை விட்டு, இரண்டு கைப்பிடி அள்ளி மிஷின் வாயில் போட்டார். கடகடவென்று அரைபட்டது. என் விதையை ஒரு முறத்தில் கொட்டிவிட்டு, காலி டப்பாவைத்தான் அடியில் வைத்திருந்தார். வெளுப்பாக மாவு அதற்குள் விழுந்தது. அதற்கப்புறம்தான் என் குட்டு விதையை மிஷினில் கொட்டினார்.

"என்னங்க போட்டீங்க?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மிஷின் சத்தத்தில் அவர் காதைக் கிட்டே கொண்டுவந்தார். மறுபடி கேட்டேன்.

"கோதுமைக்கா. நம்மளுதுதான். ரெண்டு பிடி போட்டு ஓட்டினாத்தான் கல்லுல ஒட்டினதெல்லாம் வரும். நீங்க சுத்தமாக்கச் சொன்னீங்கல்ல? உங்க டப்பான்னா ஒரு தடவைகூடத் தப்பினதில்ல." சந்தோஷமாகச் சொன்னார். "அதை எதுக்கு வீணாக்கறதுன்னு உங்க மாவுலயே விட்டுருவேன். இந்தக் குட்டு பசையில்லாதது பாருங்க, கொஞ்சம் கோதுமை சேர்ந்தாத்தான் ரொட்டி ஓரம் வெடிக்காம வரும். காசெல்லாம் வேண்டாம்."

பக்கத்தில் இருந்த எண்ணெய்த் தகரத்தின்மேல் உட்கார்ந்துவிட்டேன். அவரைத் திட்ட வாயைத் திறந்தேன். என்ன சொல்லித் திட்டுவது? ஆறு மாதமாக அவர் எனக்கு இலவசமாக உபகாரம் செய்திருக்கிறார், நான் கேட்டதால் செய்திருக்கிறார். தீபாவளிக்கு அவருக்கு ஒரு டப்பா முறுக்குகூடக் கொடுத்தேன், மகளுக்காக இவ்வளவு பார்க்கிறாரே என்று.

"என்ற மகளுக்குக் கோதுமை ஆகாதுங்க" என்றேன். அப்போதும் மில்லில் இரண்டு பெண்கள் நின்றிருந்தார்கள். கேட்டால் கேட்கட்டும் என்று ஆகிவிட்டது. "ஒரு தூசி ஆகாது. டாக்டர் சொல்லியிருக்கறாங்க."

மல்லப்பன் மிஷினை நிறுத்தினார். மாவு படிந்த அவர் முகம் வாடியது. "அய்யோ, முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. டப்பாவை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன்.

வழியில் நின்று கேரலுக்கு ஃபோன் செய்தேன். "மில்லா? மில்லுலயா அரைச்சீங்க?" என்றாள். வீட்டு மிக்ஸியில்தான் அரைக்க வேண்டும், அதுவும் புது ஜாரில், தானியம் நல்லதுதான், அதை நிறுத்த வேண்டாம் என்றாள். தான் கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னாள். பாவம், சின்னப் பெண். மில்லுக்குப் போகாமல் மாவு அரைப்பார்கள் என்று எனக்கும் தோன்றவில்லை, மில்லுக்குப் போவார்கள் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

வீட்டில் அஷ்வினி தரையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சாயங்கால வெயில் அவள் முதுகில் விழுந்திருந்தது. சட்டைக்கு மேலாக முதுகெலும்பை எண்ணலாம். வரும் வழியில் எப்படிச் சொல்வதென்று நாலு விதமாக யோசித்திருந்தேன். ஒன்றும் நினைவில்லை. கையைக்கூடக் கழுவாமல் அவள் எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"கண்ணு, உன்ற மாவுல கோதுமை இருந்திருக்குது. மில்லுல போட்டிருக்கறாங்க. நான்தான் ஒழுங்காச் சொல்லலை."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். "எவ்ளோ நாளா?"

"மொத நாள்ல இருந்தே."

அவள் அழுவாள் என்று நினைத்தேன். இல்லாவிட்டால் என்மேல் பாய்வாள். பாய்ந்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். மூச்சை மட்டும் நீளமாக விட்டாள். "அப்ப எனக்கு ஒண்ணும் பைத்தியம் இல்ல" என்றாள். "எங்கேயோ தெரியாமத் தின்னுட்டு மறந்துட்டனோன்னு எனக்கே டவுட் வந்துருச்சும்மா."

என் பிள்ளையை என்ன பாடு படுத்திவிட்டேன். அவள் காலைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. பையைக் குடைந்தது, பேக்கரியில் போட்டோ காட்டியது, கற்பூரம், கத்தல், எல்லாவற்றுக்கும் சேர்த்து. ஆனால் கேள்விதான் வந்தது.

"அப்பறம் ஏன்டி ஒத்துக்கிட்ட? பப்ஸ் தின்னேன்னு வந்து நின்னியே, தின்னாததை ஏன் தின்னேன்னு சொன்ன?"

அவள் என் கையை எடுத்து, விரல் இடுக்கில் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மெதுவாக வைத்தாள்.

"நீ ராத்திரி பூரா சுவத்துல சாஞ்சு உக்காந்திருப்பம்மா. விடிஞ்சா மூணு வீட்டுக்குப் போகணும். நான் தின்னேன்னு சொன்னாத்தான் நீ தூங்குவன்னு தோணுச்சு."

அவள் சொன்னது உண்மை. அவள் ஒத்துக்கொண்ட அன்றைக்கு நான் படுத்ததும் தூங்கிவிட்டேன். காலையில் அலாரம் அடித்தும் எழுந்திருக்கவில்லை, அவள்தான் வந்து எழுப்பினாள்.